சார்க் அமைப்பில் இலங்கையின் பாத்திரம்

கொழும்பு வீதி,
கண்டி.
24.11.1991

பதுளையில் துணிக்கடை வைத்து வாழும் என் மைத்துனர் நடராஜாவுக்கு, கண்டி பாத்திரக் கடை செல்லச்சாமி எழுதிக்கொண்டது.

இங்கே உன் அக்கா பாலாம்பிகையின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் கோபமும் சுகமாக இருப்பதாக பதுளை ரயிலில் வந்து போகிறவர்கள் சொல்கிறார்கள். இரண்டு வருடமாக எழுதாத மனிதன் இன்றைக்கு எதற்கு எழுதுகிறான் என்று நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆகிவிட்டது, அதுவும் தொண்ணூறு பேருக்கு முன்னால் மேடையில் வைத்து. ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். ஆகவே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசி.

முதலில் நல்ல செய்தி. நம் சீதாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற வீரய்யா அண்ணனின் இரண்டாவது மகன். பையனுக்கு வங்கியில் வேலை, சிரித்த முகம், நம் சீதா கச்சேரியில் அரசாங்கக் கிளாக் வேலை பார்ப்பதில் அவர்களுக்குப் பெருமை. பரிசம் டிசம்பர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் மார்கழி பிறந்துவிடும், பிறகு தை வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர்கள் வந்து எல்லாம் பேசி முடித்து, வெற்றிலையைக் கையில் எடுத்த நேரத்தில் வீரய்யா அண்ணன் கேட்டார்: "தாய்மாமன் எங்க? அவருதானே நின்னு பரிசத் தட்ட வாங்கணும்?" நான், "பதுளையில இருக்காருங்க, கடையில வேலை கூடுதல்" என்றேன். அவர் வெற்றிலையைத் திரும்பவும் தட்டில் வைத்துவிட்டார். "வேலை கூடுதல்னா தேதிய மாத்துவோம். தாய்மாமன் இல்லாம எங்க வீட்டுல பரிசம் போட்ட பழக்கமே இல்ல. அவரு வரலேன்னா தட்டு எங்க கையிலயே இருக்கும், பாத்துக்குங்க." தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் வாசலைத் தாண்டினார்களோ இல்லையோ, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்ற சீதா வந்துவிட்டாள். "அப்பா, மாமாவுக்கு எழுதுங்க." "நான் எதுக்கு எழுதணும்? அவன்தானே கோவிச்சுக்கிட்டுப் போனான்?" "எழுத மாட்டீங்களா?" "மாட்டேன்." "அப்ப நானும் உங்களோட பேச மாட்டேன்." சொன்னபடி பேசவில்லை நடராஜா. மூன்று வாரம். சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "சாப்பிடச் சொல்லுங்கம்மா" என்று உன் அக்காவிடம் சொல்லுவாள். நானும் "போதும்னு சொல்லு" என்பேன். நடுவில் உன் அக்கா, "எனக்கு முழங்கால்தான் வலி, காதுக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்கும் இல்ல, நேராப் பேசித் தொலைங்க" என்று கத்துவாள். அவளும் உன் பக்கம்தான் என்று வேறு சொல்ல வேண்டுமா.

நம் சண்டை என்ன என்பதை மறந்திருக்க மாட்டாய். இரண்டு வருடத்துக்கு முன்னால், மூத்தவன் கல்யாண அழைப்பிதழில் நல்வரவை விரும்புகிறவர்கள் என்று பதினோரு பெயர் போட்டோம். உன் பெயர் பதினோராவது. சொந்தமே இல்லாத பழக்கடை ராஜலிங்கத்துக்கும் கீழே. நீ மண்டபத்து வாசலில் அட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், அப்படியே ரயில் நிலையத்துக்கு நடந்துவிட்டாய். அச்சகத்தில் செய்த பிழை என்று அன்றிலிருந்து இன்று வரைக்கும் ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை இந்தக் கடிதத்தில் பின்னால் எழுதுகிறேன், இப்போதே தாண்டிப் போய்ப் பார்க்காதே.

இந்த நிலைமையில்தான் முஹ்ஸின் மாஸ்டர் ஒரு கடிதத்தோடு கடைக்கு வந்தார். அவர் நடத்துகிற வாசகர் வட்டம் உனக்குத் தெரியாது. அம்பிட்டியவில் ஒரு சின்ன மண்டபத்தில் மாதம் ஒரு கூட்டம், பதினொரு பேர் வருவார்கள், அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். "என்ன செல்லச்சாமி அண்ணே, இந்த மாசம் பேச ஆளில்லாம தவிச்சுப் போய் ஈக்கிறோம். நீங்கதானே கடையில ஒக்காந்து முழுப் பேப்பரையும் சத்தமா வாசிக்கிற ஆளு. மறுக்கக் கூடாது" என்று கடிதத்தைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். பிரித்துப் பார்த்தேன். டைப் அடித்த கடிதம். 'அன்புடையீர், சார்க் அமைப்பில் இலங்கையின் பாத்திரம் எனும் பொருளில் தாங்கள் சிறப்புரையாற்ற வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். தலைமை: திரு. வீரய்யா.'

நீயே சொல்லு நடராஜா. முப்பத்தொரு வருடமாகப் பாத்திரம் விற்கிற மனிதனுக்குப் பாத்திரம் எனும் பொருளில் பேச வா என்று கடிதம் வந்தால் அவன் என்ன நினைப்பான்? சார்க் ஏழு நாட்டு அமைப்பு என்பது எனக்குத் தெரியும், பேப்பரில் தினமும் வாசிக்கிறேனே. ஏழு நாடு, ஏழு பாத்திரம், அதில் இலங்கையின் பாத்திரம் எது என்று தொழில் தெரிந்த ஒருவரைக் கேட்கிறார்கள், கண்டியில் இதைச் சொல்ல என்னை விட்டால் யார் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதுவும் தலைமை யார்? வருங்காலச் சம்பந்தி! அவர் முன்னால் அசத்திவிட்டால் மனுசன் தாய்மாமன் பேச்சையே மறந்து தட்டை நீட்டிவிடுவார் என்று ஒரு கணக்கும் போட்டேன். கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் பார்க்க வைத்தேன். சீதா எடுத்து வாசித்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். வைத்துவிட்டுப் போய்விட்டாள். பொறாமை என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஒரு வாரம் கடையைக் கவனிக்கவில்லை. இந்தியாவுக்குக் கும்பகோணத்துப் பித்தளைக் குடம், அது கடையிலேயே இருந்தது, தூக்கினால் இடுப்பைப் பிடிக்கும். நேபாளத்துக்கு ஒரு தாமிரச் செம்பு. வங்காளதேசத்தில் ஆறும் மீனும் அதிகம் என்று வாசித்திருக்கிறேன், அதனால் உன் அக்காவின் மீன் சட்டியைக் கேட்காமல் எடுத்தேன். மாலைதீவுக்கு எங்கு தேடியும் பாத்திரம் கிடைக்கவில்லை. சாஹுல் ஹமீது கடையில் மாசிக் கருவாடு வந்த தகரம் ஒன்று இருந்தது, வாசனையோடு வாங்கி வந்தேன். பூட்டானில் என்ன பாத்திரம் பாவிக்கிறார்கள் என்று கண்டியில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெயரிலேயே பூட்டு இருக்கிறது என்று யோசித்து, பூட்டுப் போடுகிற பால் கேன் ஒன்றை எடுத்து வைத்தேன். பாகிஸ்தானுக்குப் புரியாணித் தேக்சாதான் பொருத்தம். அதை முஹ்ஸின் மாஸ்டரின் மனைவி றலியாவிடம் போய்க் கேட்டேன். "கூட்டத்துக்கா நானா? பெரிய தேக்சாவா வேணும்?" என்றார், என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். "இருக்கிறதிலேயே பெரிசு குடுங்க தங்கச்சி, சபையில வைக்கிறது" என்றேன். இந்த ஒரு வாக்கியம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்.

இலங்கைக்கு எந்தப் பாத்திரம் என்பதில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். உன் அக்கா அப்பச் சட்டி என்றாள். நான் சோற்றுப் பானை என்றேன். "சோத்துப் பானை எல்லா நாட்டுலயும் இருக்கு, மூளையப் பாவிங்க" என்றாள். கடைசியில் தோட்டத்துக் கல்யாணங்களுக்கு நான் வாடகைக்குக் கொடுக்கிற பெரிய தேத்தண்ணிக் கேத்தல் கண்ணில் பட்டது. தேயிலை விளைகிற ஹந்தானை மலையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நான் எதற்கு வேறு பாத்திரம் தேட வேண்டும்? புளி போட்டுத் தேய்த்தேன். முகம் தெரிந்தது.

நேற்று சனிக்கிழமை, கூட்டம். ஒரு திரீவீலரில் ஏழு நாட்டையும் ஏற்றினேன். தேக்சா உள்ளே போகவில்லை. கூரை மேல் கட்டினோம். எனக்கு இடமில்லை, இந்தியாவை மடியில் வைத்துக்கொண்டு பால் கேனுக்குள் ஒரு காலை விட்டபடி உட்கார்ந்தேன். அம்பிட்டிய ஏற்றத்தில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார், மாசி வாசனையில் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மொனவாத மேவா?" என்றார். இதெல்லாம் என்ன என்று கேட்கிறார். பதற்றத்தில் எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை, "சார்க், மஹத்தயா, சார்க்!" என்றேன். அவர் விறைப்பாக நின்று, ஒரு சல்யூட் மாதிரிக் கையைத் தூக்கி, போ என்று விட்டுவிட்டார். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பொலிஸ்காரர் எனக்குக் கை தூக்கினார். நல்ல சகுனம் என்று நினைத்தேன், பைத்தியக்காரன்.

மண்டபத்துக்குப் போனால் வாசல் வரைக்கும் சனம். பதினொரு பேர் வருகிற இடத்தில் தொண்ணூறு பேர்! கச்சேரி ஆட்கள், கடைக்காரர்கள், குடும்பம் குடும்பமாக, சிலர் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். சீதாவும் உன் அக்காவோடு பின்வரிசையில் இருந்தாள். அயல்நாட்டு விவகாரத்தில் நம் சனத்துக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேக்சாவை இறக்கினபோது கைதட்டினார்கள் நடராஜா! கைதட்டினார்கள்! ஏழையும் மேசையில் அடுக்கி, கேத்தலை நடுவில் வைத்து, வீரய்யா அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டு ஆரம்பித்தேன்.

இந்தியாவின் குடத்திலிருந்து ஆரம்பித்தேன். பித்தளையில் செம்பு எத்தனை பங்கு, துத்தநாகம் எத்தனை பங்கு, கழுத்து ஏன் ஒடுங்கியிருக்கிறது, ஈயம் பூசுவது எப்படி, எல்லாம் சொன்னேன். வீரய்யா அண்ணன் ஒன்றும் விளங்காத முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். பூட்டானின் கேனைப் பூட்டித் திறந்து காட்டியபோது முன்வரிசையில் சிரிப்பு. நான் உற்சாகமாகிவிட்டேன். பாகிஸ்தானுக்கு வந்து, தேக்சாவின் மூடியைத் தூக்கி, உள்பக்கத்தைச் சபைக்குச் சாய்த்துக் காட்டினேன். அவ்வளவுதான், சபையில் ஒரு பெரிய "ஆ" கிளம்பியது. பசியில் வருகிற "ஆ". முஹ்ஸின் மாஸ்டர் வியர்த்து விறுவிறுத்து என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, புரியாணி எங்க?"

"எந்தப் புரியாணி?"

"அப்ப இந்த தேக்சா?"

"இது பாகிஸ்தான்."

"யா அல்லா! நீங்க புரியாணி போடுறதா வீட்டுல சொன்னாங்க. நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சீக்கிறேனே!"

அதற்குள் பின்னால் ஒரு குரல், "பேச்சு போதும், சாப்பாட்டப் போடுங்க!" இன்னொரு குரல், "மாசியாவது இருக்கா?" அந்த நேரம் பார்த்து, பேராதனையில் அரசியல் படிப்பிக்கிற வீரசிங்கம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், மூன்றாவது வரிசையில் எழும்பிக் கையைத் தூக்கினார். "ஐயா, நான் ஒரு விசயம் சொல்லலாமோ? குறை நினைக்கக் கூடாது. பாத்திரம் எண்டு இவையள் போட்டது சட்டிபானையை இல்லை. ஒரு நாடு வகிக்கிற பாத்திரம். வகிபாகம் எண்டும் சொல்லுவினம். நாடகத்தில ஒருவர் பாத்திரம் ஏற்கிறார் எண்டு சொல்லுறமே, அது."

நடராஜா, அந்தக் கணம் எனக்குக் காது அடைத்துவிட்டது. தொண்ணூறு பேர் சிரிக்கிறது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. முதலில் சீதாவைத்தான் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். அடுத்தது வீரய்யா அண்ணன். இந்தச் சட்டிபானைக்காரன் வீட்டிலா பெண் எடுக்கப் போகிறோம் என்று மனுசன் நினைக்கிறார் என்றே எனக்குப் பட்டது. என் பிள்ளையின் வாழ்க்கையை மீன் சட்டியில் போட்டு உடைத்துவிட்டேனே என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே தேக்சாவுக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது, இடமும் இருந்தது.

காப்பாற்றியது உன் அக்கா. பின்வரிசையிலிருந்து நொண்டிக்கொண்டே மேடைக்கு வந்தாள், கேத்தலைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அடுப்பங்கரைக்குப் போனாள். மூக்கைச் சிந்திக்கொண்டு சீதாவும் பின்னாலேயே போனாள். கால் மணி நேரத்தில் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியோடு கேத்தல் திரும்பி வந்தது. மண்டபத்தில் இருந்தது ஒன்பது கிளாஸ்தான். ஒன்பது ஒன்பது பேராகக் குடித்தார்கள், கழுவினார்கள், குடித்தார்கள். முஹ்ஸின் மாஸ்டர் எங்கேயோ ஓடிப் போய் இரண்டு தகரம் பிஸ்கட்டோடு வந்தார். பாகிஸ்தானைப் பார்த்துப் பசியோடு எழும்பின சனம் இலங்கையைக் குடித்துவிட்டு உட்கார்ந்தது. எனக்கும் வாய் திறந்தது. "வீரசிங்கம் ஐயா சொன்ன பாத்திரம் வேற, நான் கொண்டாந்த பாத்திரம் வேறன்னு சிரிச்சீங்க. இப்ப என்ன நடந்துச்சு? குடம் தேத்தண்ணி தந்துச்சா? தேக்சா தந்துச்சா? ஏழுலயும் எல்லாரையும் ஒக்கார வச்சது எது? இதாங்க இலங்கையின் பாத்திரம். ரெண்டு அர்த்தத்துலயும்!" என்று கத்தினேன். இந்தத் தடவை தட்டின கை புரியாணிக்குத் தட்டினது இல்லை.

வீரசிங்கம் ஐயா கிளாஸும் கையுமாக மேடைக்கே வந்துவிட்டார். "ஐயா சொன்னதிலயும் ஞாயம் இருக்கு. ஆனா கேத்தலை நடுவில வைக்கேலாது. அங்க ஆங்கில எழுத்து வரிசையிலதான் கதிரை போடுறது. இலங்கை கடைசி. கூட்டத்தை எங்கட நாட்டிலயே நடத்தினாலும் வரிசையில கடைசிப் பேர் எங்கடதான். ஒருத்தரும் கோவிக்கிறேல்லை" என்று பாத்திரங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். வைத்துவிட்டு, "இதில ஒரு வசதி பாருங்கோ, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவில மாலைதீவும் நேபாளமும் வந்திடும்" என்றார். உண்மைதான், நான் அடுக்கின வரிசையில் குடமும் தேக்சாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது மேசை ஆடும்போதெல்லாம் இடித்துக்கொண்டே இருந்தன. நடுவில் மாசித் தகரமும் செம்பும் வந்ததும் அடங்கிவிட்டன. பிறகு அந்த அமைப்பின் விதிகளைச் சொன்னார். எந்த முடிவும் எல்லோரும் சம்மதித்தால்தான். இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற தகராறை அங்கே எடுக்கவே கூடாது. "முக்கியமானது, ஒருத்தர் வராட்டிலும் மாநாடு இல்லை. இந்த மாசம் கொழும்பில நடக்க இருந்தது ஏன் தள்ளிப் போனது? ஒரு நாட்டுத் தலைவர் வர ஏலாமப் போச்சு. ஆறு பேர் வரத் தயாரா இருந்தும் நடக்கேல்லை." இந்தச் செய்தியை நீயும் பேப்பரில் பார்த்திருப்பாய்.

நானும் தலையாட்டினேன். வீரய்யா அண்ணனும் தலையாட்டினார். தலைவர் முடிவுரைக்கு எழும்பினார், தொண்டையைக் கனைத்தார், தொண்ணூறு பேர் முன்னால் என் பக்கம் திரும்பினார். "செல்லச்சாமி, நல்லாப் பேசுனீங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏழு நாட்டுலயே ஒருத்தர் வரலேன்னா கூட்டம் இல்லங்கிறாங்க. நம்ம வீட்டு விசேசத்துக்குத் தாய்மாமன் வராருங்களா?" சீதா கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக முகம் பார்த்துப் பேசாத பிள்ளை. கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது. என்னால் தாங்க முடியவில்லை. "வருவாருங்க. நான் எழுதுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதென்று ஆன பிறகு பாதியை எழுதி மீதியை மறைக்கக் கூடாது. நடராஜா, அழைப்பிதழில் உன் பெயரைக் கடைசியில் போட்டது நான்தான். அச்சகத்தில் ஒரு பிழையும் இல்லை. என் கையாலேயே வரிசைப்படுத்திக் கொடுத்தேன். பாவம், அந்த அச்சகத்துக்காரரை இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் எதிரில் வந்தால் வீதியைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறேன். ஏன் செய்தேன் தெரியுமா? சீதா பெரிய மனுசியான சடங்குக்குத் தாய்மாமன் சீர் என்று ஒரு எவர்சில்வர் செட் கொண்டு வந்தாயே, அது பதுளையில் வேறு ஒருவர் கடையில் வாங்கினது. ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் அவர் பெயர் வெட்டியிருந்தது! பாத்திரக் கடைக்காரன் வீட்டு அலுமாரியில் இன்னொரு பாத்திரக் கடைக்காரன் பெயர்! பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பத்து வருடம் அதை மனதில் வைத்துக்கொண்டே இருந்தேன். அழைப்பிதழ் எழுதின அன்று பேனா தானாகக் கீழே போனது. மண்டப வாசலில் நீ அட்டையைப் பார்த்து முகம் வாடினதைக் கண்டு, உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. நீ படி இறங்கிப் போன பிறகு வெட்கம் வந்தது. ஓடி வந்து கையைப் பிடித்திருக்க வேண்டும். பெண் வீட்டார் பார்க்கிறார்கள் என்று சும்மா நின்றேன். அது என் பிழை, மன்னித்துவிடு.

எட்டாம் தேதிக்கு முதல் நாளே வந்துவிடு. இரண்டு பேர் தகராறைச் சபையில் எடுக்கக் கூடாது என்பது விதி, அதனால் சீர்த் தட்டைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். இந்தத் தடவையும் உனக்கு எந்தக் கடையில் விருப்பமோ அந்தக் கடையில் வாங்கு. என் கடை காலை எட்டு மணிக்குத் திறக்கும் என்பதை மட்டும் தெரிவித்து வைக்கிறேன். பரிசத் தட்டை உன் கையில் வாங்கி நீ அவள் மடியில் வைக்க வேண்டும். அவள் அதற்காகத்தான் மூன்று வாரம் ஊமையாக இருந்தாள்.

உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாக வளர்ந்து, பெரியவர்களின் ரோசத்தை மட்டும் படிக்காமல் இருக்க அந்தக் கதிர்காமத்தான் துணையிருக்கட்டும். உன் கடை வாசலில் சனம் குறையாமல் இருக்கட்டும். உன் அக்காவின் முழங்காலும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னது.

இப்படிக்கு,
உன் மச்சான்
செல்லச்சாமி

பி.கு.: மேலே உள்ளதை எழுதி மடித்து, முத்திரையும் ஒட்டிவிட்டு, உன் புதுக் கடையின் இலக்கம் தெரியாமல் சீதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று வாரத்துக்குப் பிறகு என் பெண் என்னோடு நேராகப் பேசினாள். என்ன பேசினாள் தெரியுமா? "எதுக்குப்பா விலாசம்? மாமா ஏழாந்தேதியே வர்றாங்களே." பேசி முடித்த மறுநாளே கச்சேரி போனில் உன்னைக் கூப்பிட்டாளாம், நீ உடனேயே வருகிறேன் என்றாயாம், "அப்பாட்ட சொல்லாத, அவரா எழுதுறாரான்னு பாப்போம்" என்றும் சொன்னாயாம். வீரய்யா அண்ணனுக்கும் வருவதாகத் தபால் போட்டுவிட்டாயாம். நேற்று சபையில் அந்த மனுசன் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது! போஸ்ட் மாஸ்டராக இருந்தவராயிற்றே, முகத்தில் ஒரு எழுத்துத் தெரிந்ததா? உன் அக்காவுக்குத் தெரியும், முஹ்ஸின் மாஸ்டருக்குத் தெரியும், தேக்சா கொடுத்த தங்கச்சிக்கும் தெரியும். எல்லோரும் ஏகமனதாக முடிவெடுத்துவிட்டு என்னை மட்டும் மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். வந்த கோபத்தில் உறையைப் பிரித்து, மன்னிப்புக் கேட்ட தாளைத் தனியாக எடுத்து, கிழிக்கக் கையும் வைத்தேன். சீதா பக்கத்தில் நின்றாள். தடுக்கவில்லை. தாளைத் திரும்ப மடித்து உள்ளே வைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன். நீ எப்படியும் வருகிறாய் என்று தெரிந்த பிறகும் இதை அனுப்புகிறேன், நடராஜா. அதை மட்டும் கவனித்துக்கொள்.